மூடாத கை: மைசூர் செல்லும் மாணாக்கருக்கு ஒரு பாடம்

ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துச் சென்று காட்டும் வழக்கம் நம்மிடையே நன்கு வேரூன்றிவிட்டது. தங்கவயல், பெங்களூர், ஈரோடு, சத்தியமங்கலம் முதலிய ஊர்களிலிருந்து புறப்படும் இத்தகைய பயணங்களுள் பல மைசூரை நாடிச் செல்கின்றன. விடியற்காலையில் கட்டுச்சோற்றுடன் வண்டி ஏறும் பிள்ளைகள் அரண்மனையைக் காண்கின்றனர். மிருகக்காட்சிச் சாலையில் யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் காண்கின்றனர். சாமுண்டி மலை ஏறி இறங்குகின்றனர். அந்தி சாய்ந்தபின் கிருஷ்ணராஜ சாகர அணையின் அடியிலுள்ள பிருந்தாவனத்தில் வண்ண ஒளியில் நீர் துள்ளுவதைக் கண்டு களித்து, நள்ளிரவில் உறக்கக் கண்களோடு வீடு திரும்புகின்றனர். இவற்றுள் எதனையும் நாம் குறை கூறவில்லை. பிள்ளைகள் களிப்பதும் கல்வியின் ஒரு பகுதியே. ஆயினும், அந்நகரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் காணத்தக்க பிறிதொன்று உளது. நூறாண்டு கடந்த ஒரு பல்கலைக் கழகமும், அதன் மடியில் காக்கப்பெறும் ஓலைச் சுவடிகளுமே அது.

புத்தர் பெருமான் தம் இறுதி நாட்களில் ஆனந்த தேரரிடம், தாம் எதனையும் ஒளித்து வைத்துக்கொண்டு கற்பித்தவர் அல்லர் என்பதை எடுத்துரைத்ததாக மகாபரிநிப்பான சுத்தம் கூறும். மாணாக்கனுக்குத் தராமல் ஆசிரியன் இறுக மூடி வைத்துக்கொள்ளும் கையைப் பாலி மொழியில் ‘ஆசரிய முட்டி’ என்பர். அத்தகைய மூடிய கை ததாகதருக்கு இல்லை. கல்வி எங்கே வாழ்ந்தது, எங்கே மாய்ந்தது என்று ஆராயப் புகுவோர்க்கு இச்சொல் நல்லதோர் அளவுகோல் ஆகும். கை திறந்த இடத்தில் கல்வி வாழ்ந்தது. மூடிய இடத்தில் மாய்ந்தது. இவ்வளவுகோலைக் கொண்டு மைசூர் நகரைக் காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

பல்கலைக் கழகத்தின் தோற்றம்

மைசூர்ப் பல்கலைக் கழகம் 1916ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள் நிறுவப்பெற்றது. அதனை நிறுவியவர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார்; அக்காலத்துத் திவான் விசுவேசுவரையா; முதல் துணைவேந்தர் எச். வி. நஞ்சுண்டையா. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் பல்கலைக் கழகங்களும் 1857ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சியாளரால் தோற்றுவிக்கப்பெற்றவை. சுதேச மன்னர் ஒருவரின் நாட்டில் முதன்முதலாக எழுந்தது மைசூர்ப் பல்கலைக் கழகமே. அதற்கு முன்னர், மைசூரிலிருந்த மகாராஜா கல்லூரியும் பெங்களூரிலிருந்த சென்ட்ரல் கல்லூரியும் சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்தன. அவ்விரண்டும் புதிய பல்கலைக் கழகத்தின் தொடக்க காலத் தூண்கள் ஆயின.

மகாராஜா கல்லூரியின் முன் நின்று மாணாக்கர் நினைவில் கொள்ளவேண்டிய பெயர்கள் சில உண்டு. பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் தலைவராக விளங்கிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1918 முதல் 1921 வரை இக்கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். தம்மபதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1950ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டதை நம் வாசகர் அறிவர். கன்னடப் பெருங்கவிஞர் குவெம்பு இதே கல்லூரியில் மாணவராகப் பயின்று, ஆசிரியராகிப் பின் முதல்வராகி, 1956 முதல் 1960 வரை பல்கலைக் கழகத் துணைவேந்தராகவும் வீற்றிருந்தார். சித்தார்த்தர் மனைதுறந்து சென்ற இரவைப் பொருளாகக் கொண்டு ‘மகாராத்ரி’ என்னும் நாடகத்தை இயற்றியவரும் அவரே. இராமாயணத்தில் தவம் செய்த குற்றத்துக்காகக் கொல்லப்படும் சம்பூகனைக் கொல்லப்படாதவனாக மாற்றி ‘சூத்ர தபஸ்வி’ என்னும் நாடகத்தையும் அவர் எழுதினார். கற்கவும் தவம் புரியவும் பிறப்பால் தடை விதித்த பழங்கதையை எதிர்த்து எழுதிய ஒருவர், அதே நாட்டின் உயர்கல்விக்குத் தலைமை தாங்கியது சிந்திக்கத் தக்கது.

குவெம்பு துணைவேந்தராயிருந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு, நகரின் மேற்கே புதிய வளாகம் ஒன்று எழுந்தது. அதற்கு ‘மானச கங்கோத்ரி’ என்று அவர் பெயரிட்டார். கங்கை பிறக்கும் இடம் கங்கோத்ரி; அறிவுக் கங்கை பிறக்கும் இடம் இஃது என்பது கருத்து. அவ்வளாகத்தினுள் ஜெயலட்சுமி விலாசம் என்னும் பழைய மாளிகை உளது. மன்னர் குடும்பத்து இளவரசி ஒருவருக்காகக் கட்டப்பட்ட அம்மாளிகை, பின்னர்ப் பல்கலைக் கழகத்தின் வசமாகி நாட்டுப்புறக் கலைப்பொருட்களின் காட்சிச் சாலையாயிற்று. அந்த இளவரசியின் திருமணத்தின்போதே, 1897ஆம் ஆண்டு, மைசூரின் பழைய மர அரண்மனை தீப்பற்றி அழிந்தது. இன்று பிள்ளைகள் வியந்து காணும் அரண்மனை அதன்பின் எழுந்து 1912இல் நிறைவுற்றது. அதனை வகுத்த ஹென்றி இர்வின் என்னும் சிற்பி, சென்னை உயர் நீதி மன்றக் கட்டடத்திலும் பணி புரிந்தவர். அரசர் குடும்பம் வாழ்ந்த கூடங்களில் உழவரின் கலப்பையும் கூத்தரின் பாவையும் வந்து அமர்ந்தமை காலத்தின் ஒரு மாற்றம்.

தஞ்சையிலிருந்து வந்த சுவடி

இனி இப்பாடத்தின் நடுப்பொருளுக்கு வருவோம். விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழாவை நினைவுகூர 1887ஆம் ஆண்டு மைசூரில் ஒரு கட்டடத்துக்கு அடிகோலினர். அதில் 1891ஆம் ஆண்டு மன்னர் சாமராஜ உடையார் கீழ்த்திசைச் சுவடி நூலகம் ஒன்றைத் தொடங்கினார். அது 1916இல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. 1943 முதல் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் என வழங்குகின்றது. ஆயிரக்கணக்கான ஓலைச் சுவடிகள் ஆங்குக் காக்கப்படுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் ஒரு சுவடியை இந்நூலகத்துக்கு அளித்தார். நூலகத்தில் பணியாற்றிய ருத்ரபட்டணம் சாமசாஸ்திரியார் அதனைப் பிரித்துப் படித்தார். மொழி வடமொழி, எழுத்து, தமிழ்நாட்டார் வடமொழியை எழுதுவதற்கு வகுத்துக்கொண்ட கிரந்தம். படிக்கப் படிக்க அவருக்கு வியப்பு மேலிட்டது. பிற நூலார் மேற்கோளாக எடுத்தாண்ட சில துணுக்குகளாலும் பெயராலும் மட்டுமே அறிஞர் அறிந்திருந்த கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் முழு வடிவில் அவர் முன் கிடந்தது. 15 அதிகரணங்களும் 180 பிரகரணங்களும் கொண்ட பெருநூல் அது. வரி, நீதி, வேளாண்மை, சுரங்கம், காடு, படை, ஒற்று என ஓர் அரசின் உறுப்புகள் அனைத்தையும் விரித்துரைப்பது. 1905ஆம் ஆண்டு முதல் அதன் பகுதிகளை மொழிபெயர்த்து இதழ்களில் வெளியிடத் தொடங்கிய சாமசாஸ்திரியார், 1909ஆம் ஆண்டு மூலத்தை அச்சிட்டார். 1915ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பை நூலாக்கினார். பழைய இந்தியருக்கு அரசியல் அறிவு இல்லை என்று பேசிவந்த மேனாட்டார் சிலரின் கூற்று அன்றே தளர்ந்தது.

ஈண்டு மாணாக்கர் கருதவேண்டியது ஒன்று உண்டு. சுவடியைக் கண்டறிந்தவரின் பெயர் உலகெங்கும் பரவியது. அவர் அதற்கு முற்றும் உரியவரே. சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தவரோ ‘தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர்’ என்ற அளவில் நூலின் முன்னுரையில் நிற்கின்றார். அவர் அதனைத் தம் வீட்டுப் பரணில் வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கறையான் அதனைத் தின்று முடித்திருக்கும். இப்படியொரு நூல் இருந்தது என்பதற்கும் சான்று இராது. பரணிலிருந்து நூலகத்துக்கு வந்த அந்தச் சிறு பயணமே அனைத்துக்கும் முதல்.

ஓலை வாழும் முறையையும் பிள்ளைகளுக்கு விளக்குதல் வேண்டும். பனையோலையை நறுக்கி, வேகவைத்து, உலர்த்திப் பதப்படுத்துவர். எழுத்தாணியால் கீறி எழுதியபின் கரியும் எண்ணெயும் பூசித் துடைப்பர். கீறலில் கரி தங்கி எழுத்து விளங்கும். துளையிட்டுக் கயிறு கோத்து, இருபுறமும் சட்டம் வைத்துக் கட்டுவர். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் இவ்வோலை பொதுவாக இரண்டு மூன்று நூற்றாண்டுகளே தாங்கும். அதற்குள் ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் படி எடுத்தாக வேண்டும். ஆகவே, ஆயிரமாண்டுப் பழமையுடைய நூல் ஒன்று நம் கையில் இருக்குமாயின், பெயர் தெரியாத நால்வரோ ஐவரோ இடையிடையே அமர்ந்து அதனை எழுதிக் கொடுத்துள்ளனர் என்பது பொருள். இந்நாளில் சுவடி நிலையத்தார் புல்லெண்ணெய் தடவி ஓலையின் மென்மையைக் காத்துப் பூச்சியை விலக்குகின்றனர்.

நமக்கு உகவாத ஒரு விதி

அர்த்தசாஸ்திரம் நமக்கு இனிய நூல் அன்று. சாக்கியரையும் ஆசீவகரையும் போன்ற துறவிகளைத் தேவகாரியத்திலும் பிதிர்காரியத்திலும் அழைத்து உண்பிப்பவருக்கு 100 பணம் தண்டம் என்று அதில் ஒரு விதி உளது. சாக்கிய முனிவரின் வழி நிற்போர் இதனைப் படிக்குங்கால் மனம் வருந்துதல் இயல்பே. நால்வருணப் பாகுபாட்டையும் அந்நூல் உறுதியாக நிலைநாட்டுகின்றது.

அங்ஙனமாயின் அந்நூல் அழிந்திருப்பின் நன்றாமோ எனச் சிலர் வினவக்கூடும். நன்றன்று. அவ்விதி இருப்பதனாலேயே, அந்நாளில் மக்கள் பௌத்தத் துறவிகளைத் தம் வீட்டுச் சடங்குகளுக்கும் அழைத்து உணவளித்தனர் என்பதை உய்த்துணர்கின்றோம். நடவாத செயலுக்கு எவரும் தண்டம் விதியார். பகைவன் எழுதிய ஏட்டிலும் நம் வரலாறு கிடைக்கும். ஏடு திறந்திருந்தால் அதனைப் படித்து ஏற்கவும் மறுக்கவும் நமக்கு உரிமை உண்டு. எரிந்துபோன ஏட்டோடு வாதிட எவராலும் இயலாது.

தமிழிலேயே இதற்கு நல்ல சான்று உளது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி, நாதகுத்தனார் இயற்றிய பௌத்த நூல். அதில் இன்று நமக்குக் கிடைப்பவை 19 பாடல்களே. எஞ்சியவை மறைந்தன. ஆனால் அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசி, சமய திவாகர வாமன முனிவரின் உரையோடு பிழைத்தது, பேராசிரியர் அ. சக்கரவர்த்தி அதனை 1936ஆம் ஆண்டு பதிப்பித்தார். குண்டலகேசி பற்றியும் பௌத்தர் வாதங்கள் பற்றியும் நாம் இன்று அறியும் செய்திகள் பல, அம்மறுப்பு நூலிலிருந்து பெற்றவை.

தமிழ் ஓலைகளும் அவற்றைக் கொடுத்தவரும்

ஆடிப்பெருக்கு நாளில் பழைய ஓலைகளை ஆற்றில் விடுவதைப் புண்ணியமாகக் கருதிய காலம் நம் நாட்டில் இருந்தது. அவ்வெள்ளத்தில் போனவை எத்தனை என்று எண்ணிச் சொல்வார் இலர். பிழைத்தவற்றுள் பௌத்தர்க்கு முதன்மையானது மணிமேகலை. அதனை 1898ஆம் ஆண்டு உரையோடு பதிப்பித்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் சைவ மடத்தில் தமிழ் கற்றவர். பௌத்த தரிசனத்தின் நுண்பொருள் விளங்காதபோது, மளூர் ரங்காசாரியாரை அணுகிப் பன்முறை கேட்டுத் தெளிந்தார். புத்தமித்திரர் இயற்றிய வீரசோழிய இலக்கணத்தை 1881ஆம் ஆண்டு அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை, அவரும் சைவரே. கல்வியைக் கைம்மாற்றித் தருவோர்க்குச் சமயம் ஒரு தடையாக நிற்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

இவ்வரிசையில் மற்றொருவரும் உளர். அயோத்திதாசப் பண்டிதர், தம் பாட்டனார் கந்தப்பன் என்பார் ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராக ஊழியம் புரிந்தவர் என்றும், திருக்குறள் ஓலைச் சுவடியை எல்லிஸ் துரையிடம் அளித்தவர் அவரே என்றும் எழுதியுள்ளார். தீண்டப்படாதார் என்று சமூகம் ஒதுக்கிய ஒரு குடும்பத்தின் வீட்டில் ஓலைகள் இருந்தன, அவ்வீட்டார் அவற்றைப் பொதிந்து காத்தனர், கேட்டபோது கொடுத்தனர். தஞ்சைப் பண்டிதரையும் பட்லர் கந்தப்பனையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருவர் சாஸ்திரம் கற்கும் உரிமை பெற்ற வகுப்பினர். மற்றவர் அவ்வுரிமை மறுக்கப்பெற்றவர். கை திறந்தமையில் இருவரும் ஒரு நிலையினர். ஆனால் பண்டிதரின் பிள்ளைக்குப் பள்ளிக் கதவு திறந்திருந்தது; பட்லரின் பிள்ளைக்கு அஃது எளிதில் திறக்கவில்லை. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டுக் கல்வியின் வரலாற்றைக் கூறுதல் நேர்மை ஆகாது.

கதவு திறந்த வகை

சென்னையில் இக்கதவைத் தட்டியவர்களுள் அயோத்திதாசர் முதன்மையானவர். கர்னல் ஆல்காட்டு, 1894ஆம் ஆண்டு முதல் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கென்று சென்னையில் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். மைசூர் நாட்டிலும் இதே வினா எழுந்தது. அரசின் பணத்தில் நடக்கும் பள்ளியில், சாதியைக் காட்டி ஒரு பிள்ளையைத் தடுக்கலாமா? அந்நாட்டுக் கல்வித் துறைக்குத் தலைவராயிருந்தவர் கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி. 1915ஆம் ஆண்டு மைசூர் அரசாங்கம், பொதுப் பள்ளிகள் எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் உரியன என்று ஆணையிட்டது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. எனினும் ஆணை நின்றது.

அதன் மறு ஆண்டிலேயே பல்கலைக் கழகம் தோன்றியது. 1918ஆம் ஆண்டு, தலைமை நீதிபதி லெஸ்லி மில்லரைத் தலைவராகக் கொண்டு மன்னர் ஒரு குழுவை அமைத்தார். அரசுப் பணிகளில் ஒரு வகுப்பார் மட்டுமே மிகுதியாக இருந்த நிலையை ஆராய்ந்து, பின்தங்கிய வகுப்பாருக்குக் கல்வியிலும் பணியிலும் வழி செய்யும் பரிந்துரைகளை அக்குழு 1919ஆம் ஆண்டு அளித்தது. பல்கலைக் கழகத்துக்கு உறுதுணையாயிருந்த திவான் விசுவேசுவரையாவே இம்முயற்சியில் மன்னரோடு கருத்து வேறுபட்டுப் பதவியினின்று விலகினார் என்பதையும் மாணாக்கர் அறிதல் நன்று. பெரியோர் ஒரு கதவைத் திறந்து மற்றொரு கதவின் முன் தயங்கி நிற்றலும் உலகில் உண்டு. ஒருவரைப் போற்றுவதற்காக உண்மையைக் குறைக்க வேண்டுவதில்லை.

இன்று மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் வாயிலில் எந்தப் பிள்ளையும் தலை நிமிர்ந்து நுழையலாம். ஆனால் அந்த வாயில் தானே திறந்து கொள்ளவில்லை. பள்ளிப் பயணத்தில் வந்த பிள்ளை ஒன்று, ‘இங்கே நானும் படிக்கலாமா?’ என்று கேட்குமாயின், ‘படிக்கலாம்’ என்ற விடையோடு, அவ்விடை எவ்வாறு கிடைத்தது என்பதையும் ஆசிரியர் கூறுதல் வேண்டும்.

கல்லில் எழுதிய பாடம்

ஓலை அழியும், கல் நெடுங்காலம் நிற்கும். மைசூர் நாட்டின் தொல்பொருள் துறை 1885ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் தலைவராயிருந்த லூயி ரைஸ், சித்திரதுர்க்க வட்டாரத்தில் பிரம்மகிரி, சித்தாபுரம், ஜடிங்க ராமேசுவரம் ஆகிய மூன்று இடங்களில் அசோக மன்னரின் பாறைச் சாசனங்களை 1892ஆம் ஆண்டு கண்டறிந்தார். தாய் தந்தையர்க்குப் பணிதல், உயிர்களிடத்து இரங்குதல், உண்மை பேசுதல், மாணாக்கர் ஆசிரியரைப் போற்றுதல் ஆகிய அறங்களை அச்சாசனம் அறிவுறுத்துகின்றது. சாசனத்தைப் பொறித்தவன் சபடன் என்னும் எழுத்தாளன். ‘எழுத்தாளனால்’ என்னும் பொருளுடைய சொல்லை மட்டும் வடமேற்கு நாட்டுக் கரோஷ்டி எழுத்தில் எழுதினான். இந்தியாவின் ஒரு கோடியில் கற்ற எழுத்து, மற்றொரு கோடியின் பாறையில் நிலைபெற்றது.

மூன்றாம் சங்கத்தின் பின்னர் மகாதேவ தேரர் மகிஷ மண்டலத்துக்குச் சென்று தேவதூத சுத்தத்தை உபதேசித்தார் என்று இலங்கை மகாவம்சம் கூறும். அம்மண்டலம் மைசூர் நாடே என்பார் ஒரு சாரார். நருமதைக் கரையிலுள்ள மாகிஷ்மதி என்பார் மற்றொரு சாரார். நாம் ஒரு பக்கம் சாய வேண்டுவதில்லை. பாறையே பேசும்போது, அசோகரின் அறவுரை இந்நாட்டை எட்டியதற்கு வேறு சான்று வேண்டா.

இந்திய அரசின் தொல்லியல் துறையைச் சார்ந்த கல்வெட்டு அலுவலகம், பெங்களூர், சென்னை, உதகமண்டலம் என இடம் மாறி, 1966ஆம் ஆண்டு மைசூருக்கு வந்தது. கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றினால் எழுத்துகள் வெண்மையாகத் தோன்றும். இவ்வாறு எடுத்த மைப்படிகள் பல்லாயிரம் அங்குச் சேர்ந்தன. அவற்றுள் தமிழ்க் கல்வெட்டுகளின் படிகள் பெருந்தொகையின. மூலக் கல்லே உடைந்து மறைந்த இடங்களில் அப்படிகளே எஞ்சிய சான்று. அவை பதிப்பிக்கப்படாமல் நெடுங்காலம் கிடந்தமை தமிழறிஞர்க்குக் கவலை அளித்தது. வழக்கு எழுந்து, தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021ஆம் ஆண்டு உயர் நீதி மன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. ஓர் ஏடு இருந்தால் மட்டும் போதாது. கற்போர் அதனை எடுத்துப் படிக்கவும் இயலவேண்டும் என்பதே இவ்வழக்கின் உட்பொருள். பேழையில் பூட்டிய ஏடும் மூடிய கையே.

நாலந்தாவின் வழித்தோன்றல்

பல்கலைக் கழக நகரம் என்றவுடன் நம் நினைவு நாலந்தாவை நாடும். அதன் வாயிலில் காவலர் கடுவினாக்கள் எழுப்புவர் என்றும், விடை கூற வல்லவரே உள்ளே புகுவர் என்றும் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதினார். ஆங்கு அவருக்கு ஆசிரியராயிருந்தவர் சீலபத்திரர். சீலபத்திரருக்கு ஆசிரியர் காஞ்சியில் பிறந்த தருமபாலர். காஞ்சியில் முளைத்த அறிவு நாலந்தாவில் வளர்ந்து சீனம் சென்றது. யுவான் சுவாங் தம் நாட்டுக்குக் கொண்டு சென்ற நூல்கள் 657. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் நாலந்தா அழிந்தது. ஆயினும், முன்னரே கைம்மாறிச் சென்ற நூல்கள் சீன மொழியிலும் திபெத்து மொழியிலும் உயிர் பிழைத்தன.

மைசூரிலிருந்து மேற்கே, குடகு செல்லும் வழியில், பைலகுப்பே என்னும் ஊர் உளது. திபெத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்தோர்க்கு மைசூர் அரசு 1960ஆம் ஆண்டளவில் அங்கே நிலம் அளித்தது. லாசாவுக்கு அருகில் 1419இல் தோன்றிய சேரா மடம், 1970இல் இங்கு மீண்டும் எழுந்தது. அதன் முற்றத்தில் இளம் பிக்குகள் இருவர் இருவராக நின்று, கை தட்டி வினாவி விடையிறுத்துத் தர்க்கம் பயில்கின்றனர். அவர்கள் கற்கும் அளவை நூல்களின் முன்னோர் திங்நாகர். அவர் காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்பது மரபு. தமிழ்நாட்டில் மறந்துபோன பாடத்தைத் திபெத்தியர் காத்துத் தென்னாட்டுக்கே கொண்டு வந்தனர். ஒரு நாட் பயணத்தில் பைலகுப்பேயையும் சேர்த்தல் அரிது. இரவு தங்கும் வாய்ப்புடையோர் மறுநாள் சென்று காணலாம்.

ஆசிரியர்க்குச் சில குறிப்புகள்

சுவடி நிலையத்தையும் பல்கலைக் கழகக் காட்சிச் சாலையையும் காண முன்னரே எழுதி இசைவு பெறுக. பழைய கட்டடங்களில் பழுது பார்க்கும் பணி நடைபெறுதலும் உண்டு. முற்பகலில், பிள்ளைகள் களைப்படையும் முன், இவ்விடங்களுக்குச் செல்க. அரண்மனையும் மிருகக்காட்சிச் சாலையும் பிற்பகலுக்கு ஆகுக. ஐம்பது பிள்ளைகளை ஒருங்கே உள்ளே விடாமல், சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்புக. ஓலையைத் தொடலாகாது என்று முன்னரே கூறுக. பயணத்துக்கு முதல் நாள், தத்தம் வீட்டில் பழைய ஏடு, நோட்டுப் புத்தகம், கடிதம், பத்திரம் ஏதேனும் உளதா என்று பாட்டன் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுக. எழுதப் படிக்க அறியாத பாட்டியாயின், அவருக்குத் தெரிந்த பாட்டோ கதையோ ஒன்றைக் கேட்டு எழுதி வரச் சொல்லுக. அதுவும் ஓர் ஏடே. எழுதாவிடின் அவரோடு மறையும்.

மாணாக்கர் சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. அர்த்தசாஸ்திரச் சுவடியை அளித்தவர், அதனைப் படித்து அச்சிட்டவர் ஆகிய இருவருள் ஒருவர் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

2. நம் சமயத்தை மறுக்கும் நூலை நாம் ஏன் காக்கவேண்டும்? குண்டலகேசி, நீலகேசி ஆகிய இரண்டையும் எடுத்துக்காட்டி விடை கூறுக.

3. 1915ஆம் ஆண்டு ஆணைக்கும் 1916ஆம் ஆண்டு பல்கலைக் கழகத்துக்கும் உள்ள தொடர்பு யாது? முன்னது இன்றிப் பின்னது மட்டும் இருந்திருப்பின் யார் யார் கற்றிருப்பர்?

4. ஆயிரமாண்டுப் பழமையுடைய ஓலை நூல் ஒன்று நம் கைக்கு வர எத்தனை முறை படியெடுக்கப்பட்டிருக்கும்?

5. உமக்குத் தெரிந்தவற்றுள், உம்மினும் இளையவர் ஒருவருக்கு இன்னும் கற்பிக்காமல் வைத்திருப்பது யாது? அதனை எப்பொழுது கற்பிக்கப் போகின்றீர்?

ஐந்தாம் வினாவின் விடையை ஏட்டில் எழுத வேண்டா. செய்து காட்டினால் போதும்.